அமானிதமாக ஒரு கணினி: தோட்டப் பாடசாலையில் லினக்ஸ் நிறுவுதல்

கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைக்கு மேலே தேயிலையும் இறப்பரும் கலந்து நிற்கும் மலைச்சரிவில் உள்ள ஒரு பாடசாலையில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். கணினிக்கும் எனக்கும் இருந்த உறவெல்லாம் வினாத்தாள் தட்டச்சு செய்வதோடு சரி. தகவல் தொழினுட்ப ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு, "உங்களுக்குத்தான் டைப்பிங் தெரியுமே சேர்" என்று சொல்லி அதிபர் கணினி அறையின் திறப்பை என் கையில் தந்துவிட்டார். அறையில் எட்டுக் கணினிகள் இருந்தன. மூன்று மட்டும் ஒழுங்காக எழும்பும். மற்றவற்றைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் திரை சுற்றிக்கொண்டேயிருக்கும்.

ஒருநாள் தரம் 11 பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தேன். மென்பொருளுக்கு உரிமம் உண்டு, உரிமம் இல்லாமல் பிரதி பண்ணிப் பாவிப்பது திருட்டு என்று விளக்கினேன். முன்வரிசையில் இருந்த பிள்ளை கையை உயர்த்தியது. "சேர், அப்படீன்னா நம்ம ரூம்ல இருக்கிற விண்டோஸ் காசு குடுத்து வாங்கினதுங்களா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு கடைக்காரர் சிறுதொகை வாங்கிக்கொண்டு போட்டுத் தந்தது அது. 'விண்டோஸைச் செயற்படுத்துங்கள்' என்ற அறிவிப்பு ஒவ்வொரு திரையின் மூலையிலும் மங்கலாகத் தெரியும். பிள்ளைகள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தேடிப் போனதன் விளைவே இந்தக் கட்டுரை. என்னைப் போலத் தொழினுட்பம் படிக்காத ஆசிரியர்களும், மத்ரஸாக்களிலும் பள்ளிவாசல் நூலகங்களிலும் கணினியைப் பொறுப்பேற்றிருப்பவர்களும் பின்பற்றக்கூடிய விதத்தில் எழுத முயன்றிருக்கிறேன்.

கேள்வி சட்டத்தோடு நிற்கவில்லை

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரல்களையும் பாதுகாக்கப்பட்ட ஆக்கங்களாகவே கொள்கிறது. மார்க்கத்தின் பக்கம் பார்த்தால், 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தனது 43 ஆம் இலக்கத் தீர்மானத்தில், நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் மதிக்கப்படுபவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று முடிவு செய்திருக்கிறது. நான் ஆலிம் இல்லை. ஃபத்வா சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்தவரின் உழைப்பை அவர் அனுமதியின்றி எடுத்து, அதை வைத்தே பிள்ளைகளுக்கு நேர்மை படிப்பிப்பது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

உரிமத்தை விலை கொடுத்து வாங்கலாமே என்று கேட்கலாம். எட்டுக் கணினிக்கும் வாங்கும் அளவுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் பணம் இல்லை. வாங்கினாலும் இன்னொரு தடை இருக்கிறது. விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு 4 ஜீபி நினைவகம், 64 ஜீபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு 'டீபீஎம் 2.0' என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய புரொசெசரும் வேண்டும். எங்கள் கணினிகளோ பழைய மாணவர்கள் கொழும்பு அலுவலகங்களில் கழித்துப் போட்டதை வாங்கி அனுப்பியவை. ஆக, அந்தக் கணக்கின்படி அவை குப்பை. ஆனால் வன்பொருளில் பெரிய பழுது எதுவும் இல்லை.

லினக்ஸ் என்பது என்ன?

கணினியின் பாகங்களையும் நாம் பாவிக்கும் மென்பொருள்களையும் இணைத்து வேலை வாங்குவதை நமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. விண்டோஸ் அப்படியான ஒன்று. லினக்ஸ் இன்னொன்று. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற அமெரிக்கர், எவரும் பாவிக்கவும், உள்ளே பார்த்துப் படிக்கவும், திருத்தவும், பகிரவும் கூடிய ஒரு முறைமையை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதற்கு 'குனூ' என்று பெயர் வைத்தார். 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், முறைமையின் மையப்பகுதியான 'கேர்னல்' ஒன்றை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. இரண்டும் சேர்ந்ததையே நாம் பொதுவாக லினக்ஸ் என்கிறோம். "நாம இதப் பார்த்ததே இல்லையே" என்பவர்கள் தம் கையிலுள்ள போனைப் பார்க்கலாம். அண்ட்ரொய்ட் போன்கள் இயங்குவதும் லினக்ஸ் கேர்னலின் மேல்தான்.

லினக்ஸ் கேர்னல் ஜீபீஎல் என்ற உரிமத்தின் கீழ் தரப்படுகிறது. இதை எங்கள் ஊர் ஜமாஅத்தில் விளக்கியபோது, வக்ஃபை உதாரணம் காட்டினேன். மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் விலைக்கு வாங்கி எல்லோரும் நீரெடுக்க விட்டார்கள். அதற்குப் பிறகு அது எவருடைய தனி இலாபத்துக்கும் உரியதாக இருக்கவில்லை. ஜீபீஎல் உரிமமும் ஏறக்குறைய இப்படித்தான். அந்த மென்பொருளை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விலைக்கும் கொடுக்கலாம். ஆனால் மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது, தனக்குக் கிடைத்த அதே சுதந்திரங்களோடுதான் கொடுக்க வேண்டும். பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. உவமை முழுதும் பொருந்தாது. வக்ஃபுச் சொத்தை விற்கவே முடியாது. என்றாலும், கொடுத்தவரின் நோக்கத்தைப் பின்னால் வருபவர் கெடுக்காமல் காக்கும் ஏற்பாடு இரண்டிலும் உண்டு.

"ஓசியில கிடைக்கிறது தரமா இருக்குமா நாநா?" என்று ஒரு தம்பி கேட்டார். நமது நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற மென்பொருளைச் சுதந்திர மென்பொருளாகவே எழுதினார்கள். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்கான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டு விருது அதற்குத்தான் கிடைத்தது. பாடசாலைக்கு உதாரணம் வேண்டுமானால் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே அரசுப் பாடசாலைகளில் கணினிக் கல்வி பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கிறது.

எந்த லினக்ஸ்?

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. ஒவ்வொன்றையும் 'விநியோகம்' என்பார்கள். புதிதாகத் தொடங்குபவர் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உபுண்டு, பெடோரா, டெபியன் எல்லாம் நல்லவை. நான் தேர்ந்தது லினக்ஸ் மின்ட். 2006 முதல் வெளிவருகிறது. கீழே பட்டை, மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகியவருக்குத் தோற்றம் அந்நியமாக இராது. அதன் 22 ஆம் பதிப்பு 2024 ஜூலையில் வந்தது. 2029 வரை ஆதரவு உண்டு.

மின்ட்டிலேயே மூன்று முகப்புகள் உள்ளன. அவற்றில் 'எக்ஸ்எஃப்சீஈ' என்பது பழைய கணினிக்கு இலேசானது. மின்ட் நிறுவ ஆகக் குறைந்தது 2 ஜீபி நினைவகமும் 20 ஜீபி வன்தட்டு இடமும் வேண்டும். 4 ஜீபி இருந்தால் வசதி. 2 ஜீபியில் கடிதம் எழுதலாம், கணக்கு அட்டவணை போடலாம். ஆனால் இணைய உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தால் திணறும். பணம் கொஞ்சம் இருந்தால், பழைய சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டீ ஒன்று போடுங்கள். கணினிக்குப் பத்து வயது குறைந்ததுபோல் இருக்கும்.

புரொசெசர் 64 பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸில் 'திஸ் பீசீ' மீது வலச்சொடுக்குச் செய்து 'புரொப்பர்ட்டீஸ்' பார்த்தால் தெரியும். போட்டிருக்கும் விண்டோஸ் 32 பிட் என்றிருந்தாலும், புரொசெசர் 'எக்ஸ் 64' என்றிருந்தால் போதும்.

நிறுவும் முன்

முதல் வேலை, கணினியில் உள்ள கோப்புகளை வெளியே எடுத்து வைப்பது. வினாத்தாள், புள்ளிப் பதிவு, படங்கள் எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். எடுத்ததை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். நான் முதற்கணினியில் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டேன். கோப்புறையின் பெயர் மட்டும் பிரதியாகியிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு தவணை வினாத்தாள்கள் போயின. அது என் பிழைதான். லினக்ஸின் பிழை அல்ல.

இரண்டாவது, பதிவிறக்கம். மின்ட்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜீபி வரும். தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடு நின்றால் பெரிய விசயம். நான் டவுனுக்கு இறங்கி நண்பர் வீட்டில் இரவு டேட்டாவில் எடுத்தேன். ஒருவர் எடுத்தால் போதும், மற்றவர்கள் அவரிடம் பிரதி பண்ணிக்கொள்ளலாம். இங்கே பிரதி பண்ணுவது குற்றமில்லை. பதிவிறக்கம் இடையில் அறுந்து கோப்பு பழுதாவது உண்டு. அதைக் கண்டுபிடிக்க மின்ட்டின் தளத்தில் ஒரு நீண்ட சரிபார்ப்பு எண் தரப்பட்டிருக்கும். அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பென்ட்ரைவ். 8 ஜீபி போதும். கோப்பை அதில் சும்மா இழுத்துப் போட்டால் வேலை செய்யாது. 'எட்சர்' அல்லது 'ரூஃபஸ்' என்ற சிறு மென்பொருளைத் திறந்து, கோப்பைக் காட்டி, பென்ட்ரைவைக் காட்டி எழுதச் சொல்ல வேண்டும். பென்ட்ரைவில் முன்பிருந்தது எல்லாம் அழிந்துபோகும் என்பதை மறக்க வேண்டாம்.

போடாமலே பார்க்கலாம்

கணினியை நிறுத்தி, பென்ட்ரைவைச் செருகி, மீண்டும் போடுங்கள். நிறுவனத்தின் அடையாளம் திரையில் வந்தவுடன் ஒரு சாவியைத் தட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பொதுவாக எஃப் 12, எச்பீயில் எஃப் 9. வரும் பட்டியலில் பென்ட்ரைவைத் தேர்ந்தால் மின்ட் பென்ட்ரைவிலிருந்தே எழும்பும்.

லினக்ஸில் எனக்குப் பிடித்தது இந்தக் கட்டம்தான். வன்தட்டில் ஒரு எழுத்துக்கூட மாறாமல், முழு முறைமையையும் பாவித்துப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, எல்லாச் சாவிகளும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். பென்ட்ரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாக இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எங்கள் எட்டில் ஏழு கணினிகள் எழும்பின. எட்டாவதின் மின்வழங்கி முந்தைய வருடத்து இடியிலேயே போயிருந்தது. வைஃபை பிடிக்காவிட்டால், போனைக் கேபிளால் இணைத்து 'யூஎஸ்பீ டெதரிங்' போடுங்கள். போனின் டேட்டாவைக் கணினி எடுத்துக்கொள்ளும். பின்னர் 'ட்ரைவர் மனேஜர்' என்ற இடத்தில் வைஃபைக்குத் தேவையானதைப் போட்டுக்கொள்ளலாம்.

நிறுவுதல்

முகப்பில் 'இன்ஸ்டோல்' என்ற படவுரு இருக்கும். அதைத் திறந்தால் வரிசையாகக் கேள்விகள் வரும். மொழி, சாவிப்பலகை, ஒலி ஒளிக் கோப்புகளுக்கான துணைமென்பொருள் வேண்டுமா என்பவை எளியவை. நான்காவது கேள்வியில் நிதானம் வேண்டும். அங்கே முக்கியமாக இரண்டு வழிகள் காட்டும். ஒன்று, விண்டோஸின் பக்கத்திலேயே லினக்ஸையும் வைப்பது. மற்றது, வன்தட்டு முழுவதையும் அழித்து லினக்ஸை மட்டும் போடுவது.

தயங்குபவர் முதலாவதைத் தேரலாம். ஒவ்வொரு முறையும் கணினி எழும்பும்போது எது வேண்டும் என்று கேட்கும். அப்படிச் செய்வதானால் முன்னரே விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை லினக்ஸிலிருந்து மாற்ற முடியாமல் போகலாம். 'பிட்லொக்கர்' போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் திருட்டுப் பிரதி இருந்த கணினிகளில் இரண்டாவது வழியையே எடுத்தோம். வாங்கும்போதே உரிமத்தோடு வந்த ஒரு மடிகணினியின் விண்டோஸை அப்படியே விட்டோம்.

பிறகு நேரவலயத்துக்குக் கொழும்பைக் காட்டி, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடியும். கடவுச்சொல்லை ஆசிரியர் இருவராவது அறிந்திருக்க வேண்டும். ஒருவர் இடமாற்றத்தில் போனால் அறை முடங்கிவிடக் கூடாது.

முடிந்தவுடன் மூன்று காரியங்கள். 'அப்டேட் மனேஜர்' மூலம் புதுப்பியுங்கள். 'டைம்ஷிஃப்ட்' என்பதைத் திறந்து முறைமையின் பிரதியொன்றை எடுங்கள். யாராவது எதையாவது கெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது முறைமையைத்தான் காக்கும், உங்கள் கோப்புகளை அல்ல. அவற்றுக்கு வேறு பிரதி வேண்டும். மூன்றாவதாக, பிள்ளைகளுக்கு நிர்வாக அதிகாரம் இல்லாத தனிக் கணக்கொன்றைத் திறந்து கொடுங்கள்.

தமிழ், பாமினி, அரபு

இதுவரை சொன்னதைப் பலரும் சொல்வார்கள். எழுத்துத் தொழிலில் உள்ள நமக்கு உண்மையான சிக்கல் இனித்தான் தொடங்குகிறது.

யூனிகோட் தமிழைக் காட்டுவதில் பிரச்சினை இல்லை. எழுத்துருக்கள் கூடவே வரும். தட்டச்சுக்கு, 'சொஃப்ட்வெயர் மனேஜர்' என்ற இடத்தில் 'ஐபஸ்' என்பதையும் அதற்கான 'எம் 17 என்' என்ற துணையையும் நிறுவி, 'இன்புட் மெதட்' என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். அதன் தமிழ்ப் பட்டியலில் தமிழ் 99, ஒலிப்பெயர்ப்பு ஆகியவற்றோடு நமது நாட்டின் ரெங்கநாதன் சாவிப்பலகையும் இருக்கிறது. பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய என் போன்றவர்களுக்கு அது கைக்கு ஓரளவு பழக்கமானதாகவே இருக்கும்.

பாமினியின் கதை வேறு. நமது பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் பல்லாண்டுகளாகக் குவிந்து கிடப்பது பாமினிக் கோப்புகள்தான். பாமினியில் நாம் எழுதுவது தமிழ் அல்ல. தமிழ் உடுப்புப் போட்ட ஆங்கிலம். 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் தட்டினால், கணினி உள்ளே சேமிப்பது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இருந்தால் நமக்குத் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கிலக் குப்பை தெரியும். தேடினாலும் கிடைக்காது.

லினக்ஸுக்கு மாறியதும் பலர் "என் கோப்பெல்லாம் அழிஞ்சிட்டு" என்று பதறுவது இதனால்தான். ஒன்றும் அழியவில்லை. பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து இருமுறை சொடுக்கி நிறுவினால், லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் அந்தக் கோப்புகள் தமிழாகத் திறக்கும். பாமினியிலேயே தட்டவும் செய்யலாம். ஆனால் 'ஓட்டோ கரெக்ட்' அமைப்பில், வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலம் என்று நினைத்து அது எழுத்தை மாற்றிவிடும். திரையில் வேறு தமிழெழுத்து வந்து நிற்கும்.

இது தற்காலிக வழி. நிலையான வழி, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது. அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் மூலத்தோடு ஒப்பிட்டு ஒருமுறை வாசியுங்கள். கொம்பும் துணைக்காலும் சில இடங்களில் இடம்மாறியிருக்கும், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாகியிருக்கும். யூனிகோட் தரத்தில் தமிழ் 1991 இல் வெளியான முதற்பதிப்பிலிருந்தே இடம்பெற்றிருக்கிறது. இவ்வளவு காலத்துக்குப் பின்னும் நமது ஊர் வரலாறுகள், பள்ளிவாசல் மலர்கள், நினைவு மலர்கள் பாமினியில் முடங்கிக் கிடப்பது ஆய்வாளருக்குப் பெரும் இழப்பு. மாவனல்லையின் முஸ்லிம் கல்வி பற்றியோ பலாங்கொடையின் குடியேற்றம் பற்றியோ நாளை ஒரு மாணவர் தேடினால், யூனிகோடில் இருப்பது மட்டுமே அவர் கண்ணில் படும்.

அரபுக்கு, சாவிப்பலகை அமைப்பில் அரபு தளவமைப்பைச் சேர்த்தால் போதும். எழுத்துருவுக்கு 'அமீரி' என்பதைப் பரிந்துரைக்கிறேன். கெய்ரோவின் பூலாக் அச்சகத்து நஸ்க் எழுத்தை ஒட்டி வரையப்பட்டது, இலவசமானது, சொஃப்ட்வெயர் மனேஜரிலேயே கிடைக்கும். ஒரு சிக்கலை மட்டும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஒஃபிஸ் தமிழையும் அரபையும் 'சிக்கலான எழுத்துமுறை' என்ற ஒரே வகுப்பில் வைக்கிறது. அதனால் பக்கம் முழுவதற்கும் அமீரி கொடுத்தால் தமிழும் குழம்பும். அரபுப் பகுதிக்கென்று தனி எழுத்துப் பாணி ஒன்றை உருவாக்கி, அந்தப் பகுதிக்கு மட்டும் கொடுங்கள். அரபுப் பந்திக்கு வலமிருந்து இடம் என்ற திசையையும் காட்ட வேண்டும். அதற்கான பொத்தான், அமைப்பில் சிக்கலான எழுத்துமுறையை இயக்கிய பிறகுதான் கண்ணில் படும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நோன்பு மாத விடுமுறை போயிற்று.

செய்ய முடியாதவை

ஒளிக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. விண்டோஸுக்கென எழுதிய மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. போட்டோஷொப், பேஜ்மேக்கர் என்று பழகிய அச்சக வேலைக்கு இது தடை. கிம்ப், ஸ்கிரிபஸ் என்பவை மாற்றாக உண்டு. ஆனால் புதிதாகப் பழக வேண்டும். மைக்ரோசொஃப்ட் வேர்டில் செய்த அட்டவணைகள் லிப்ரே ஒஃபிஸில் திறக்கும்போது சிலவேளை வரி நகரும். வலயக் காரியாலயத்துக்கு அனுப்பும் படிவங்களை அதனால்தான் அந்த உரிமமுள்ள மடிகணினியில் செய்கிறோம். அச்சுப்பொறிகளில் எச்பீ பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும். வேறு சிலவற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். வாங்கும் முன் லினக்ஸில் ஓடுமா என்று விசாரியுங்கள்.

வைரஸ் தொல்லை மிகக் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கொண்டுவரும் பென்ட்ரைவ்களில் உள்ள விண்டோஸ் வைரஸ்கள் இங்கே வழக்கமாக ஓடுவதில்லை. எங்கள் அறையில் அதுவே பெரிய நிம்மதி.

இடியை எந்தப் பணிசெயல் முறைமையும் தடுக்காது. சித்திரையிலும் ஐப்பசியிலும் எங்கள் மலைகளில் பின்னேர இடி வழக்கம். வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். இணையக் கம்பி இருந்தால் அதையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

இப்போது

இன்று எங்கள் அறையில் ஏழு கணினிகள் ஓடுகின்றன. ஆறில் லினக்ஸ், ஒன்றில் உரிமமுள்ள விண்டோஸ். பிள்ளைகள் என்னைவிட விரைவில் பழகிவிட்டார்கள். முதல் வாரம் "மெனு எங்க சேர்?" என்று கேட்டவர்கள், அடுத்த மாதம் எனக்கே குறுக்குச் சாவிகளைச் சொல்லித் தந்தார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை தவணை முடிவில் ஒரு பென்ட்ரைவோடு வந்து நின்றது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் பழைய மடிகணினி ஒன்றை வாங்கி வந்திருக்கிறாராம். "சேர், இத கொப்பி பண்ணிக்கலாங்களா?"

"பண்ணிக்க" என்றேன். அந்த அறையில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டு, நான் தயங்காமல் பதில் சொன்னது அதுவே முதற்தடவை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் கணினியையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். டிசம்பர் விடுமுறையில், ஆகப் பழையதாக, யாரும் தொடாததாக ஒன்றை எடுங்கள். பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் நிறுவுங்கள். அதில் முதல் வேலையாக, உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மலர் ஒன்றின் பாமினிக் கோப்பைத் தேடி எடுத்து யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். கணினி பழுதானாலும் அந்த எழுத்து மிஞ்சும்.